மிளகுக்கு மழை காட்டப் போனவர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் மேலே பார்ப்பார். கூரையில் தொங்கும் விளக்கு, அலமாரியின் தலையில் ஏற்றிவைத்த பெட்டிகள், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போகும் ஒயர் என்று ஒரு சுற்றுப் பார்த்து முடித்த பிறகே மனிதர்களின் முகத்துக்கு வருவார். அதுவரை வரவேற்றவர்கள் கூப்பிய கையோடு நின்றிருக்க வேண்டியதுதான்.

துபாயில் எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலாக வந்த அன்று அந்தப் பார்வை சமையலறை வாசலில் போய் நின்றுவிட்டது. என் மனைவி காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த கேஸ் டியூபு எப்ப மாத்துனது?"

"நாங்க இந்த வீட்டுக்கு வரும்போதே இருந்தது."

"அப்ப அடுப்ப அணைச்சுருங்க. நாளைக்கு நானே புதுசு கொண்டாந்து மாட்டிவிடுதேன்."

"ராத்திரிக்கு இவருக்குத் தோசை வேணுமே."

"ஒருநாள் ரொட்டி தின்னா சார் ஒண்ணும் இளைச்சுர மாட்டாரு."

அவள் சிரித்துவிட்டாள். "பரிசோதனை முடிஞ்சிருந்தா காப்பியைக் குடிங்க. சூடா இருக்கு, அதுக்கும் ஏதாவது சொல்லிடப்போறீங்க" என்றாள். அவர் உண்மையாகவே தம்ளரின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

கட்டுமானத் தளங்களில் அவர் பாதுகாப்பு அதிகாரி. தொழிலாளர்கள் அவரைச் 'சேஃப்டி' என்பார்கள். நாளடைவில் மேலதிகாரிகளும், காவலாளிகளும், சொந்த மனைவியுமே அப்படித்தான் குறிப்பிட்டார்கள். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அதை எழுத வேண்டாம் என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் எழுதவில்லை.

நான் கட்டடங்களின் தாங்குதிறனைக் கணக்கிடுகிறவனாக இருந்தவன். இந்தத் தூண் இத்தனை சுமையைத் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்திடுவது என் பணி. அவரோ எதைப் பார்த்தாலும் அது விழுந்த பிறகு எப்படிக் கிடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறவர். இருவரும் ஒரே பொருளின் இரண்டு பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். அதனால்தான் பழக முடிந்தது.

அல் கூஸில் ஒரு பெரிய கிடங்குக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவரை அருகிலிருந்து பார்த்தேன். கோடையின் நடுப்பகல்களில் வெட்டவெளியில் வேலை செய்யக்கூடாது என்பது இங்கே அரசின் விதி. விதி தொடங்கும் நேரத்துக்கு முன்பாகவே அவர் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவார். கூரையின் மேலிருந்து ஃபோர்மேன் குரல் கொடுப்பார். ராமநாதபுரத்துக்காரர், வாய் கூர்மையானவர்.

"சேஃப்டி வந்தாச்சுடா, வேலை கலாஸ். எல்லாம் எறங்குங்க. கம்பெனி நட்டத்துல போனா நம்ம சாரு சம்பளம் குடுப்பாரு."

"வேலை நாளைக்கும் இருக்கும்யா. நீ இருக்கணும்லா, அதைப் பாக்கேன்" என்பார் இவர்.

தொழிலாளர்களின் கழிப்பறைச் சுவரில் ஒரு வண்ண அட்டையை ஒட்டிவைத்திருந்தார். சிறுநீரின் நிறத்தை அதோடு ஒப்பிட்டு உடம்பில் தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ளலாம். அட்டையை யாரும் பார்ப்பதில்லை என்று கண்டுகொண்டதும் தாமே வாசலில் நின்றுகொண்டார்.

"என்னடே கலரு?"

"தங்கம் சார். அசல் இருபத்திரெண்டு கேரட்டு."

"தங்கமா இருந்தா ஊருக்குப் பொட்டியிலதான் போவ. போயி ரெண்டு கிளாசு குடி. வெள்ளி ஆனப்பொறவு மேல ஏறு."

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். பட்டாணியர்களும் வங்காளிகளும் மொழி புரியாமலே சிரிப்பார்கள். அவர்களிடம் அதே கேள்வியை இந்தியில் கேட்பார். அவருடைய இந்தியில் விளாத்திகுளத்து மண் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் விடுப்பில் போயிருந்த ஒரு கோடையில் ஃபோர்மேன் என்னிடம் வந்து, "அந்த ஆளு எப்ப சார் திரும்புறாரு? இவனுங்க என் பேச்சுக்குத் தண்ணி குடிக்க மாட்டேங்கிறானுங்க" என்று கேட்டார்.

அவர் பெருமை பேசி நான் கேட்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். "என் சைட்ல வெயிலு யாரையும் எடுத்ததில்ல சார்." அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். உரக்கச் சொன்னால் வெயிலுக்குக் கேட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்போல இருக்கும்.

மிளகு என் மனைவியின் நாய். எதிர் வீட்டில் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் வேலை போய் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அதைப் பால்கனியில் கட்டியபடியே விட்டுப் போனார். இங்கே அப்படி நடப்பதுண்டு. அதுவரை ஒரு நாயைத் தொட்டும் அறியாத என் மனைவி, காவலாளியிடம் சாவி வாங்கிப்போய் அவிழ்த்து வந்தாள். "கறுப்பு, சிறுசு, தொட்டா காரம். மிளகுதான்" என்று அன்றே பெயரும் வைத்துவிட்டாள். அது அவளுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. என்னை வீட்டிலிருக்கும் மற்றொரு நாற்காலியாகவே கருதி வந்தது.

அவள் நோயில் விழுந்து, ஒரு ஆண்டின் தொடக்கத்தில் இறந்தாள். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. மிளகு அவள் படுத்திருந்த அறையின் வாசலில் கிடந்தது. உணவு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வது மரியாதைக்காக. மாலைதோறும் அவர் வந்தார். வந்ததும் மேலே பார்ப்பார், பிறகு கீழே பார்ப்பார். தரையில் கிடக்கும் அதையும் நாற்காலியில் இருக்கும் என்னையும் அவர் ஒரே கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

"சார், சலாலாக்குப் போவோம்" என்றார் ஒரு நாள்.

வளைகுடா முழுவதும் கொதிக்கும் மாதங்களில் ஓமானின் தென்கோடியில் இருக்கும் சலாலாவில் மட்டும் சாரல் விழும், மலைகள் பச்சையாகும். இங்கே இருக்கிறவர்கள் குடும்பம் குடும்பமாகக் காரில் கிளம்பிப்போய் அந்தச் சாரலில் நின்றுவிட்டு வருவார்கள்.

"இதை யார் பார்த்துக்கிறது?" என்றேன்.

"அதுக்காகத்தான் போறதே. அது இங்க பொறந்த நாயி. மழைய அது எங்க பாத்துருக்கு? ஒருக்கா மழை காட்டிக் கொண்டாருவோம். மூக்குல ஈரம் பட்டா திங்கும் சார்."

"நீங்க எதுக்குங்க இவ்வளவு சிரமப்படணும்?"

"அம்மா இருந்தா என்ட்டதான் சொல்லிருப்பாங்க" என்றார். சரி என்றேன்.

ஒரு நாயைக் காரில் ஏற்றி எல்லை கடத்துவதற்கு எத்தனை ஏற்பாடுகள் வேண்டும் என்பதை அவர் செய்ததைப் பார்த்துத்தான் அறிந்தேன். தடுப்பூசி, தோலுக்கு அடியில் அடையாளச் சில்லு, மருத்துவரின் சான்று, ஓமானுக்குள் கொண்டுபோக ஒரு அனுமதி. திரும்பக் கொண்டுவர இன்னொரு அனுமதி வேண்டும். பலரும் போகும் அனுமதியை மட்டும் வாங்கிக்கொண்டு போய், திரும்பும்போது எல்லையில் நாயோடு தவிப்பார்களாம். இவர் திரும்பும் அனுமதியைத்தான் முதலில் வாங்கினார். கூண்டுக்குள் விரிக்க என் மனைவியின் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனார். நீர்க் கிண்ணம் வண்டி குலுங்கினாலும் சிந்தாத வகையில் இருந்தது.

"கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து சலாலா சலாலான்னு கேக்கேன். எனக்கு மழை காட்டணும்னு இவுகளுக்குத் தோணல. நாலு காலு இருந்தாத்தான் தோணும் போல" என்றார் அவருடைய மனைவி. அவரும் எங்களோடு வருவதாக ஏற்பாடு.

"நீ ஒழுங்காத் திங்கியல்லா. அது திங்க மாட்டேங்குதுல்லா" என்றார் இவர். அவர்கள் வீட்டில் அன்று நான் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தேன்.

ஏற்பாடுகளில் கடைசியானது கார். அவருடைய பழைய கார் என்றும் நின்றதில்லை. ஆனால் பாலைவனத்து நடுவே ஆளரவமற்ற சாலையில் நெடுந்தூரம் போகவேண்டும். பழைய எஞ்சினை அதற்கு நம்பக்கூடாது என்று அவர் முடிவு செய்தார். பயணத்துக்காகப் புத்தம் புதிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அதற்குச் சாவியைத் திருக வேண்டியதில்லை; சட்டைப்பையில் இருந்தால் போதும், ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும். சக்கரங்களையும் பிரேக்கையும் விளக்குகளையும் தரையில் முட்டி போட்டுப் பார்த்தார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கோடையில் இந்த ஊரில் இறங்குகிறவர்கள் எஞ்சினை அணைப்பதில்லை. மளிகைக் கடைக்குப் போனாலும், முடிவெட்டப் போனாலும், தொழப் போனாலும் குளிர்சாதனம் ஓடியபடியே வண்டி வெளியில் நிற்கும். அணைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது உள்ளே உட்கார முடியாது. வாகன நிறுத்தங்களில் ஆளில்லாத வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருப்பதை நாங்கள் யாரும் கவனிப்பதுகூட இல்லை. அவரும் அதே ஊரில் வாழ்ந்தவர்தான். அப்படி நிற்கும் வண்டிக்குள் குழந்தை இருந்தால் மட்டும் பெற்றோரைத் தேடிப்பிடித்துச் சண்டையிடுவார். வண்டியை எவனாவது எடுத்துப்போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்பது அவர் வாதம். எஞ்சின் தானாக அணையும் என்பது அவருடைய அச்சங்களின் நீண்ட வரிசையில் இல்லை. அவர் வாழ்நாளில் ஓட்டிய எந்த வண்டியும் அப்படிச் செய்ததில்லை.

விடியலில் கிளம்பினோம். அல் அய்ன் ஊரைத் தாண்டி எல்லைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. இந்தப் பக்கத்துச் சாவடியில் வண்டியில் உட்கார்ந்தபடியே முத்திரை வாங்கிவிட்டோம். ஓமான் சாவடியில் இறங்கி மண்டபத்துக்குள் போகவேண்டும். விடுமுறைக் கூட்டம். நாய்க்கு உள்ளே அனுமதியில்லை.

"நான் இருக்கேன் இதுகூட. நீங்க ரெண்டுபேரும் போயிட்டு வாங்க" என்றார் அவருடைய மனைவி.

வாசலில் நின்ற காவலர் ஒத்துக்கொள்ளவில்லை. "குல்லு" என்று மூவரையும் விரலால் சுட்டினார். ஒவ்வொருவரும் நேரில் வந்து முகம் காட்டவேண்டும்.

மிளகைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியில் ஒருவர் மாற்றி ஒருவர் நிற்கலாம் என்று நான் நினைத்தேன். அவர் குனிந்து தார்த்தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கால் பொத்துரும் சார். ஏசி ஓடட்டும், உள்ள குளுகுளுன்னு கெடக்கும்" என்றார். கூண்டைத் திறந்துவிட்டார், தண்ணீரை நிரப்பினார், காற்று வரும் திசையைப் பின்பக்கம் திருப்பிவிட்டார். கதவைச் சாத்திய பிறகும் கண்ணாடியில் கையை வைத்துக் குளிர் தெரிகிறதா என்று பார்த்தார்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. கணினி வேலை செய்யவில்லை என்றார்கள். பிறகு செய்கிறது என்றார்கள். அவர் இடையில் வரிசையை விட்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உக்காந்து கண்ணாடி வழியா ரோட்டைப் பாக்கு. வாலாட்டுச்சு சார்" என்றார். எனக்கு அது வாலாட்டியதாகக் கேட்டே மாதங்கள் ஆகியிருந்தன. மண்டபத்தில் எல்லோரும் களைத்து நின்றிருக்க, நாங்கள் மூவரும் மகிழ்ச்சியாக இருந்தோம். அவருடைய மனைவி சலாலாவில் தென்னந்தோப்பு நம் ஊர் போலவே இருக்குமாமே என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முறை நெருங்கியபோது சேஃப்டி மறுபடியும் காரைப் பார்க்கப் போகத் திரும்பினார். அதற்குள் அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டுக் கை நீட்டிவிட்டார். புகைப்படம், கைரேகை, மறுபடியும் கணினி.

வெளியே வந்தோம். காருக்குச் சற்று முன்பாகவே அவர் நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்சாதனம் ஓடும் வண்டிக்கு அடியில் நீர் சொட்டி ஈரம் பரவியிருக்கும். அந்த இடம் காய்ந்திருந்தது.

மிளகு ஓட்டுநர் இருக்கையின் கீழே, பிரேக் மிதிக்கு அருகில், முகத்தைத் தரையோடு அழுத்திக் கிடந்தது. நிழலான இடத்தைத் தேடி அங்கே போயிருக்க வேண்டும். வண்டியின் முன்பலகையில் ஒளிர்ந்த எழுத்துகளை அந்த வெயிலிலும் படிக்க முடிந்தது. ஆளில்லாமல் நெடுநேரம் ஓடியதால், பாதுகாப்புக் கருதி எஞ்சின் நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. மூடிய கொட்டகைகளில் புகை தங்கி மனிதர்கள் இறக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு என்று பின்னால் அறிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் சரியாகவே இருந்தது. மடியில் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார். பாதங்களிலும் தொடையிடுக்கிலும் காதுகளிலும் நீரை ஊற்றினார். குளிர்ந்த நீரைக் கொண்டுவந்த காவலரிடம் அது வேண்டாம், சாதாரண நீர் வேண்டும் என்று இந்தியில் கத்தினார். சட்டையைக் கழற்றி நனைத்து விசிறினார். கால்நடைகளைச் சோதிக்கும் சூடானிய மருத்துவர் தம் அறையிலிருந்து வந்து குனிந்து பார்த்தார். கண்ணிமையைத் திறந்து மூடினார். "கலாஸ், பாய்" என்றார். எல்லாம் முடிந்தது என்ற அந்தச் சொல் சேஃப்டியின் காதில் விழவில்லை. மருத்துவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

சரக்கு லாரிகள் நிற்கும் திடலுக்குப் பின்னால் புதைத்துக்கொள்ளலாம் என்று சாவடியில் சொன்னார்கள். நடுப்பகல். வேலை நடக்கும் இடமாக இருந்திருந்தால், அந்த நேரத்தில் மண்வெட்டியைத் தொட எவரையும் அவர் விட்டிருக்க மாட்டார். தாமே வெட்டினார், தலையில் துணிகூட இல்லாமல். கல்லும் மண்ணும் கலந்த தரை. அவருடைய மனைவி நீர்ப்புட்டியை நீட்டியபோது தட்டிவிட்டார்.

"உங்களுக்கும் என்னவும் ஆகட்டும்னா வெட்டுதீக?" என்று அந்த அம்மாள் கதறினார்.

லாரியிலிருந்து இறங்கி வந்த பட்டாணியர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் மண்வெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மீதியை வெட்டினார். சேலையில் சுற்றி உள்ளே வைத்தது நான். மண்ணைத் தள்ளி முடித்ததும் அவர் என் எதிரில் வந்து நின்றார். உதடு வெடித்திருந்தது.

"சார், ஒரு வார்த்தை திட்டிருங்க."

"நீங்க வேணும்னு செய்யலையே" என்றேன்.

நான் ஆறுதலாகச் சொன்னதுதான். அதைக் கேட்டு அவர் முகம் தண்டனை அறிவிப்பைக் கேட்டவரின் முகமாக மாறியதைப் பார்த்தேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. நாங்கள் அங்கிருந்தே திரும்பினோம். வாங்கிவைத்த திரும்பும் அனுமதியை இந்தப் பக்கத்துச் சாவடியில் யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் காலைக் கூட்டத்தில் அவர் இந்தக் கதையையே சொன்னாராம். தொழிலாளர்களை வேலைக்கு அனுப்புமுன் ஆபத்துகளைச் சொல்லி எச்சரிக்கும் கூட்டம் அது. ஃபோர்மேன்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு சொல்றாரு சார். மொத நாளு எல்லாரும் பாவம்னுதான் கேட்டானுங்க. நாலாவது நாள் ஒருத்தன் சொல்லிட்டான்."

"என்னன்னு?"

"'அந்த நாய்க்குக் கொஞ்ச நேரமாவது ஏசி ஓடுச்சு சார். எங்க பஸ்ஸுக்கு இந்தக் கோடை முழுக்க ஓடலையே'ன்னு. எல்லாரும் சிரிச்சுட்டானுங்க. இவரு சிரிக்கல, கோவப்படவும் இல்ல. நேரா ஆபீசுக்குப் போயி மேனேஜர் ரூம்ல உக்காந்துட்டாரு. பஸ்ஸு ரிப்பேராகி வர்ற வரைக்கும் எந்திரிக்கல."

பேருந்து சரியானது. கதை சொல்வதை அவர் நிறுத்தினார். ஆனால் விடுமுறை நாள்களில் என் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. எதிரில் உட்கார்ந்து ஏதேதோ பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று அதையே கேட்பார்.

"மனசுல இருக்கும்லா சார். இல்லாமலா இருக்கும்? ஒருக்கா எடுத்து வீசிருங்க. வாங்கிக்கிடுதேன்."

"எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லைங்க" என்பேன்.

அது பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. நான் யாரையும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. பேசாமலே இருந்து பழகியவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுக்கே எளிதில் தெரிவதில்லை. என் மனைவி இறந்த அன்றும் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நண்பகலில் அவருடைய மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. "அண்ணாச்சி, கொஞ்சம் வாங்க. கீழ காருக்குள்ள உக்காந்திருக்காக. அணைச்சுட்டு, கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு. வாட்ச்மேன் தட்டுதாரு, தொறக்க மாட்டேங்காக."

நான் போய்ச் சேர்வதற்குள் காவலாளி கண்ணாடியை உடைத்திருந்தார். அவர் நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுவதும் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"எவ்வளவு நேரத்துல மூச்சு முட்டுதுன்னு பாத்தேன் சார். வேற ஒண்ணுமில்ல. ரொம்ப நேரம் தெரியுது சார். தெரிஞ்சுக்கிட்டேதான் கெடந்துருக்கும்."

நான் அவர் தோளில் கை வைத்தேன். அவர் அந்தக் கையை எடுத்து, மெதுவாக என் பக்கமே திருப்பி வைத்துவிட்டார்.

அதன்பின் ஒருநாள் எங்கள் வீட்டுக்குள் மேலே பார்க்காமல் நுழைந்தார். நேராக வந்து உட்கார்ந்து, வேலையை விட்டுவிட்டதாகவும் ஊருக்குப் போவதாகவும் சொன்னார். எங்கள் கூடத்தின் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் நேர்கீழே உட்கார்ந்திருந்தார்.

ஊரில் அவர் அதிக காலம் இருக்கவில்லை. இதயம் வலுவிழந்துகொண்டு வருகிறது என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். மருந்தில் தூங்குவதும் நின்றுபோனது. தூத்துக்குடி மருத்துவமனையில் சேர்த்த பிறகு அவருடைய மனைவி ஒரு பிற்பகலில் என்னை அழைத்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்டப் பேசணுங்காக. என்ன கேப்பாகன்னு உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவ முடியாதுன்னு சொல்லாதீக."

போனை அவர் காதில் வைத்தார். மூச்சு முதலில் கேட்டது, பிறகு குரல்.

"சார், நல்லாருக்கீங்களா."

"இருக்கேன்."

"இனிமே என்னத்த சார். இப்பவாவது."

மருந்து கொடுப்பதைப் போலக் கொடுத்துவிடலாம் என்று எண்ணித்தான் தொடங்கினேன். கடினமான இரண்டு வாக்கியங்கள் போதும், அவருக்கு அமைதி கிடைக்கும் என்று கணக்கிட்டேன். அதுவரை அவரை 'நீங்கள்' என்றல்லாமல் விளித்ததில்லை.

"நீதான் கொன்னே" என்றேன். "ஊருக்கெல்லாம் வெயில் கொல்லும்னு சொன்னவன் நீ. வண்டிக்குள்ள அடைச்சுப் போட்டுட்டு வரிசையில நின்னே."

"ஆமா சார்."

"அவ போனப்புறம் அந்த வீட்ல என்னைத் தவிர மூச்சு விட்டுட்டிருந்தது அது ஒண்ணுதான். அவ குரல் தெரிஞ்சது அது ஒண்ணுதான். உன்னை நம்பிக் குடுத்தேன்."

"ஆமா."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. குரல் உயர்ந்துவிட்டிருந்ததை அறையின் சுவர்கள் திருப்பிச் சொன்னபோதுதான் உணர்ந்தேன். யார் உன்னை மழை காட்டச் சொன்னது என்று கேட்டேன். செத்தாலும் அது அவள் அறை வாசலில் கிடந்து செத்திருக்கும் என்றேன். அவளைப் பற்றி, அவளுடைய கடைசி மாதத்தைப் பற்றி, எனக்குத் தெரியாமல் அவள் வலியை மறைத்ததைப் பற்றி, எவரிடமும் சொல்லாதவற்றையெல்லாம் அவர் செய்த குற்றங்களாகவே ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதிர்முனையில் தொடக்கத்தில் 'ம்' கேட்டுக்கொண்டிருந்தது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது, இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவருடைய மனைவி போனை எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தூங்கிட்டாக அண்ணாச்சி. நீங்க சொல்லிட்டிருக்கையிலயே தூங்கிட்டாக."